கழுத்துத் தேய்ந்த பல்லில் எது நிற்கும்?

காட்டாக்கடை, வெள்ளறடை, பாறசாலை, களியக்காவிளை என்று கேரள-தமிழக எல்லை நெடுகிலும் இருக்கும் பல் கிளினிக்குகளில் அடிக்கடி காதில் விழும் குறை ஒன்று உண்டு: தண்ணி குடிச்சா பல்லு கூசுது. சொல்பவர் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவராக இருப்பார். வாயைத் திறந்து பார்த்தால் சொத்தை இருக்காது. ஈறை ஒட்டி, பல்லின் கழுத்தில், ஆப்பு வடிவத்தில் ஒரு வெட்டு மட்டும் இருக்கும். சிறு வயதில் உமிக்கரியும் உப்பும் வைத்துக் குறுக்கே தேய்த்தது, பிறகு கைக்கு வந்த முரட்டு பிரஷ், தூக்கத்தில் பல்லை நறநறப்பது, புளிப்பு என்று பலதும் சேர்ந்து செதுக்கிய பள்ளம் அது.

இந்தப் பள்ளத்தை அடைப்பது சொத்தைக் குழியை அடைப்பதுபோல் அல்ல. சொத்தையை நோண்டி எடுத்த குழிக்குச் சுவர் உண்டு, அடி உண்டு. வாய் குறுகி அடி அகலும்படி வெட்டிவிட்டால் உள்ளே போனது வெளியே வராது. கழுத்துப் பள்ளத்துக்குச் சுவரே கிடையாது. வழவழவென்று வெளிப்பக்கம் சரிந்து திறந்து கிடக்கும். அங்கே ஒரு அடைப்பு நிற்கிறதென்றால் அது ஒட்டியதால் மட்டுமே நிற்கிறது. அதனால்தான் புதிய பல் ஒட்டுப்பொருள் ஒன்று வரும்போதெல்லாம் ஆய்வாளர்கள் அதை இந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் வகுத்த அளவுகோலும் இதை வைத்துத்தான்: 18 மாதத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் விழுந்தால் தேறவில்லை.

அந்தச் சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துப் படித்தால், ஒட்டும் அடைப்புகளின் வரலாற்றை நாம் வழக்கமாகச் சொல்லும் விதம் ஆட்டம் காண்கிறது. வழக்கமான கதையில் பழைய பொருள் பலவீனமானது, புதியது பலமானது, அடுத்து வருவது இன்னும் பலமானது. வாயில் நடந்தது வேறு. ஆய்வகத்து இழுவைச் சோதனையில் மிகக் குறைந்த எண் வாங்கிய பொருள்தான் மனித வாயில் மிக நீண்ட காலம் நின்றது. இது எப்படி நேர்ந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. விடையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்: ஈரம்.

ஒட்டாத காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாதரசத்தில் வெள்ளியும் தகரமும் செம்பும் குழைத்த அமால்கம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரிஸில் புழக்கத்துக்கு வந்து, 1833இல் க்ராகூர் சகோதரர்கள் கையில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அங்கே தங்க இலை அடைத்துப் பிழைத்த மருத்துவர்கள் அதை எதிர்த்துச் சங்கம் கூட்டிச் சண்டை போட்டதெல்லாம் தனிக்கதை. 1890களில் ஜி.வி. பிளாக் உலோக விகிதத்தை ஒழுங்குபடுத்தினார். குழி வெட்டும் இலக்கணத்தையும் எழுதிவைத்தார். அமால்கம் பல்லோடு ஒட்டாது. எனவே குழியை அதற்கு ஏற்றபடி வெட்ட வேண்டும். கடுகளவு சொத்தைக்குப் பட்டாணியளவு நல்ல பல்லும் சேர்ந்து போகும். நூறாண்டுகளுக்கு உலகம் முழுவதும் பல் மருத்துவ மாணவர்கள் படித்த இலக்கணம் இதுதான். திருவனந்தபுரத்தில் 1959இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியின் முதல் மாணவர்கள் படித்ததும் இதைத்தான். கழுத்துப் பள்ளத்துக்கு அந்த இலக்கணத்தில் இடம் கிடையாது. அங்கேயும் சிக்கவைக்க வேண்டுமென்றால் தேய்ந்த பல்லை இன்னும் தோண்ட வேண்டும்.

பல்லின் நிறத்தில் அடைக்கும் சிலிகேட் சிமென்ட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. கண்ணாடித் தூளையும் பாஸ்பாரிக் அமிலத்தையும் குழைத்த பொருள். எச்சிலில் கரைந்து போகும். ஆனால் அதைச் சுற்றிப் புதிய சொத்தை குறைவாகவே வந்தது, அதிலிருந்து கசிந்த புளோரைடால். இந்தச் சிறு கவனிப்பு அரை நூற்றாண்டு கழித்துப் பலன் தரப்போகிறது.

வெற்றிகரமான ஒட்டுதலின் தொடக்கம் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரம். அங்கே ஈஸ்ட்மன் பல் மருத்துவ நிலையத்தில் இருந்த மைக்கேல் புவோனகோர், உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க முதலில் பாஸ்பாரிக் அமிலம் பூசும் தொழிற்சாலை வழக்கத்தைப் பல்லில் செய்து பார்த்தார். 85 சதவீத அமிலம், 30 விநாடி, பிறகு கழுவி உலர்த்தல். அதன்மேல் வைத்த அக்ரிலிக் துளி வாரக்கணக்கில் நின்றது. அமிலம் படாத பல்லில் வைத்தது ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. 1955இல் வெளியான இந்தக் கட்டுரைக்கு உடனே பெரிய வரவேற்பு இல்லை. இன்று நாம் பூசும் பெரும்பாலான பல் ஒட்டுகளுக்கு அதுதான் தாய்.

பல்லின் மேலோடான எனாமலின் எடையில் 96 சதவீதம் தாது. அமிலம் பட்டால் அதன் மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் விழும். இளகிய ரெசின், அதாவது அக்ரிலிக் போன்ற செயற்கைப் பிசின், அவற்றுள் இறங்கி இறுகிக்கொள்ளும். அமிலம் கழுவிக் காற்று ஊதியதும் எனாமல் சுண்ணாம்பு வெள்ளையாக, பளபளப்பு இல்லாமல் தெரியும். மருத்துவர் கண்ணுக்கு அது போதும், ஒட்டும் என்று தெரிந்துவிடும். எனாமலைப் பொறுத்தவரை கேள்வி அத்தோடு தீர்ந்தது. அமிலம் இன்று 37 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது, நேரம் 15 விநாடிக்கு. அதற்குமேல் எழுபது ஆண்டில் பெரிய மாற்றம் இல்லை. முக்கியமான விதிவிலக்கு புளோரைடு மிகுந்த தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பல். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பழுப்பேறிய எனாமல் அமிலத்துக்கு எளிதில் இடம் கொடுக்காது. அங்கே மருத்துவர் அமிலத்தைக் கூடுதல் நேரம் விட வேண்டியிருக்கும், அல்லது மேற்பரப்பைச் சற்றே உராய வேண்டியிருக்கும்.

சிக்கல் எனாமலுக்கு அடியில் இருக்கிறது. கழுத்துப் பள்ளத்தில் எனாமல் ஓரமாக ஒரு விளிம்புதான் மிஞ்சியிருக்கும். மீதி முழுவதும் டென்டின். அதன் எடையில் தாது 70 சதவீதம், கொலாஜன் முதலான உயிர்ப்பொருள் 20, தண்ணீர் 10. அதன் வழியாக ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இருபதாயிரத்திலிருந்து நாற்பத்தைந்தாயிரம் வரை நுண்குழல்கள் பல்லின் உயிர்த் திசுவிலிருந்து வெளிநோக்கி ஓடுகின்றன. அவற்றில் திரவம் நிரம்பியிருக்கிறது. சில்லென்ற தண்ணீர் படும்போது அந்தத் திரவம் அசைகிறது, உள்ளே இருக்கும் நரம்பு துடிக்கிறது. பல் கூச்சத்துக்கு இந்த விளக்கத்தை நிலைநாட்டியவர் ஸ்வீடனின் மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம். கூச்சத்துக்குக் காரணமான அதே திரவம்தான் ஒட்டுதலுக்கும் எதிரி. மேற்பரப்பை எவ்வளவு உலர்த்தினாலும் அடியிலிருந்து ஊறிக்கொண்டே இருக்கும்.

டென்டினில் ஒட்டும் முயற்சி புவோனகோருக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1949இல் ஸ்விட்சர்லாந்து வேதியியலாளர் ஆஸ்கர் ஹாகர், ஒரு முனையில் பாஸ்பேட்டும் மறுமுனையில் ரெசினோடு சேரும் மெத்தக்ரிலேட்டும் கொண்ட மூலக்கூறு ஒன்றை உருவாக்கினார். பல்லை ஒரு கையாலும் ரெசினை மறு கையாலும் பிடிக்கும் மூலக்கூறு. எண்ணம் சரி. அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு எல்லோரும் இதே எண்ணத்தைத்தான் திருத்தித் திருத்தி எழுதினார்கள். ஹாகரின் பொருள் ஈரத்தில் பிய்ந்தது.

இதற்கிடையே அடைக்கும் பொருளும் மாறியது. வாஷிங்டன் தேசிய அளவீட்டு நிலையத்தில் ரஃபேல் போவன் என்ற பல் மருத்துவர் 1962இல் காப்புரிமை பெற்ற பிஸ்-ஜிஎம்ஏ ரெசினும், அதில் சிலேன் பூசிய சிலிக்கா துகளைக் கலக்கும் முறையும்தான் இன்றைய கம்பாசிட். அதன் பெரிய குறை, இறுகும்போது சுருங்குவது. கொள்ளளவில் 2 முதல் 5 சதவீதம் வரை. கேட்கச் சின்ன எண். ஆனால் ஒரு சுவரில் பிடிப்பு பலமாகவும் மறு சுவரில் பலவீனமாகவும் இருந்தால் சுருக்கம் பலவீனமான பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போகும். கழுத்துப் பள்ளத்தில் மேல்விளிம்பு எனாமல், கீழ்விளிம்பு டென்டின். எங்கே கிழியும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஈறுப் பக்கம் முடி நுழையாத இடைவெளி விழும். அதில் கறை இறங்கும், கூச்சம் திரும்பும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் வைக்காமல் அடுக்கடுக்காக வைத்து நீல ஒளி காட்டச் சொல்வதற்கு ஒரு காரணம் இந்தச் சுருக்கம். இன்னொன்று, ஒளி அதற்குமேல் ஆழமாக இறங்காது.

சுருக்கத்தைக் குறைக்கும் ஆராய்ச்சி நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. காட்டாக்கடையிலிருந்து மலயின்கீழ், திருமலை வழியாகத் திருவனந்தபுரம் போகும் சாலை பூஜப்புரையைத் தொடுகிறது. அங்கே சேது லட்சுமி பாய் மகாராணி வாழ்ந்த சாட்டல்மண்ட் அரண்மனையில் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இயங்குகிறது. 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம். உள்நாட்டு இதய வால்வைச் செய்து 1990இல் முதல் நோயாளிக்குப் பொருத்தியதால் அதற்குப் பேர் வந்தது. அதே வளாகத்தில் பல் பொருள்களுக்கென்று ஓர் ஆய்வகம் உண்டு என்பது அக்கம்பக்கத்தாருக்கே அவ்வளவாகத் தெரியாது. வி. கல்யாண கிருஷ்ணன், பி.பி. லிசிமோள் போன்றவர்கள் அங்கே பிஸ்-ஜிஎம்ஏ வகை ரெசின்களையும், சுருக்கத்தைக் குறைக்கும் நோக்கில் கனிமமும் கரிமமும் கலந்த கலப்பின ரெசின்களையும் உருவாக்கி ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனி, லீக்டன்ஸ்டைன் என்று எங்கிருந்தோ வரும் சிறு குப்பிகளை நம்பியிருக்கும் ஒரு தொழிலுக்கு இது சின்ன விஷயம் அல்ல. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் ஜிர்கானும் டைட்டானியத் தாதுக்களும் கிடக்கின்றன. கம்பாசிட்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு, சில பிராண்டுகளின் துகளில் ஜிர்கோனியா உண்டு. நம் மணல்தான் நம் பல்லுக்குத் திரும்பி வருகிறது என்று பெருமைப்பட ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை, ஆனால் கச்சாப் பொருளுக்கு இங்கே பஞ்சம் இல்லை.

ஒட்டுக்கு வருவோம். எனாமலுக்கு அமிலம் வைப்பதை ஏற்ற மேற்கத்திய மருத்துவர்கள் டென்டினில் அமிலம் பட்டால் பல்லின் உயிர் போய்விடும் என்று நம்பினார்கள். டோக்கியோவின் தகாவோ ஃபுசயாமா 1979இல் இரண்டிலும் சேர்த்தே அமிலம் வைத்துக் காட்டினார். அவரைப் பொறுப்பற்றவர் என்றே பலர் பேசினார்கள். பல் சாவது அமிலத்தால் அல்ல, ஓரத்து இடைவெளி வழியாக நுழையும் கிருமிகளால் என்பது உறுதியான பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. 1982இல் அதே ஊரின் நொபுவோ நகபயாஷி, அமிலம் தாதுவைக் கரைத்தபின் டென்டினில் மிஞ்சும் கொலாஜன் வலைக்குள் ரெசின் ஊடுருவி, பல்லும் அல்லாத ரெசினும் அல்லாத ஒரு கலப்பு அடுக்கு உருவாகிறது என்று காட்டினார். அதன் தடிமன் சில மைக்ரான்தான். ஒரு கம்பாசிட் அடைப்பின் ஆயுள் அந்தச் சில மைக்ரானில் இருக்கிறது.

இங்கேதான் ஈரம் தன் வேலையைக் காட்டியது. அமிலத்தைக் கழுவிவிட்டுக் காற்றடித்து நன்றாக உலர்த்தினால் கொலாஜன் வலை சுருண்டு படுத்துவிடும். ரெசின் உள்ளே போகாது. உலர்த்தாமல் விட்டால் தண்ணீர் தேங்கும், ரெசின் நீர்த்துப்போகும். 1990களின் தொடக்கத்தில் ஜான் கான்கா, பல்லை உலர்த்தாமல் லேசான ஈரத்தோடு விட வேண்டும் என்றார். பல ஆண்டுகளாகக் காற்றடித்துக்கொண்டிருந்த தொழிலுக்கு இது தலைகீழான பாடம். எவ்வளவு ஈரம் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பளபளக்க வேண்டும், ஆனால் தேங்கக் கூடாது. இதை அளக்கக் கருவி எதுவும் கிளினிக்கில் இல்லை. காலையில் முதல் நோயாளிக்கு வைக்கும் கையும் மாலை ஏழு மணிக்கு இருபதாவது நோயாளிக்கு வைக்கும் கையும் ஒரே அளவு ஈரத்தை விடுமா என்று கேட்டால், நேர்மையான எந்த மருத்துவரும் சிரித்துவிடுவார்.

அந்தச் சிரமத்துக்கு மாற்றாக வந்தவை தாமே அமிலமாகவும் ஒட்டாகவும் வேலை செய்யும் சுய-அமில ஒட்டுகள். இவற்றில் உருப்படியானது ஜப்பானின் குராரே நிறுவனம் 1980களில் கொண்டுவந்த 10-எம்டிபி மூலக்கூறு. செயற்கை இழை நெய்யும் தொழிலில் பிறந்த நிறுவனம் அது. அந்த மூலக்கூறு டென்டினின் கால்சியத்தோடு வேதிப்பிணைப்பு செய்துகொள்கிறது, அந்த உப்பு தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. ஹாகர் 1949இல் நினைத்ததை ஒருவழியாகச் செய்து முடித்தது இதுதான். காப்புரிமைக் காலம் முடிந்தபின் மற்ற நிறுவனங்களும் அதைச் சேர்த்துக்கொண்டு, 2011 முதல் எல்லாப் பரப்புக்கும் பொது என்ற பேரில் ஒரே குப்பியில் விற்கின்றன. இடையில் நான்காம் தலைமுறை, ஐந்தாம் தலைமுறை, ஆறு, ஏழு, எட்டு என்று விளம்பரங்கள் எண்ணிக்கொண்டே போயின. தலைமுறை கூடினால் தரம் கூடும் என்ற எண்ணத்தை அந்த எண்கள் விதைத்தன. உண்மையில் கூடியது வசதி. தலைமுறை ஏற ஏறப் படிகள் குறைந்தன, அவ்வளவுதான். படிகளைக் குறைத்துக் குறைத்து ஒரே குப்பிக்கு வந்தபோது, தண்ணீரை ஈர்க்கும் அமிலக் கூறுகளையும் தண்ணீரை வெறுக்கும் ரெசினையும் ஒரே திரவத்தில் கட்டிப்போட வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட ஒட்டு இறுகிய பின்னும் தண்ணீரை உறிஞ்சும். போதாததற்கு, 2004இல் டேவிட் பாஷ்லியும் கூட்டாளிகளும் இன்னொன்றைக் காட்டினார்கள்: டென்டினிலேயே உறங்கிக் கிடக்கும் நொதிகள் அமிலத்தால் விழித்து, ரெசின் போர்த்தாமல் விட்ட கொலாஜனைத் தின்றுவிடுகின்றன. வெளியிலிருந்து எச்சில், உள்ளிருந்து பல்லின் சொந்த நொதி. ஒட்டு இரண்டு பக்கமும் அரிக்கப்படுகிறது.

இந்தப் பரபரப்புக்கெல்லாம் ஓரத்தில், லண்டனில் அரசாங்க வேதியியல் ஆய்வகத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் 1969இல் ஒரு மாவு குழைத்திருந்தார்கள். அதற்கு ஓராண்டு முன் மான்செஸ்டரில் டென்னிஸ் ஸ்மித், துத்தநாகத் தூளில் பாலிஅக்ரிலிக் அமிலம் சேர்த்து, பல்லோடு வேதியியல் முறையில் ஒட்டும் முதல் சிமென்ட்டைச் செய்திருந்தார். பழைய சிலிகேட்டின் கண்ணாடித் தூளை எடுத்து, பாஸ்பாரிக் அமிலத்துக்குப் பதில் ஸ்மித்தின் அமிலத்தைச் சேர்த்தால் என்ன என்று வில்சன் கேட்டார். முதலில் அது இறுகச் சோம்பியது. டார்டாரிக் அமிலம், அதாவது புளியில் இருக்கும் அதே அமிலம், கொஞ்சம் சேர்த்ததும் வேலை செய்யும் நேரமும் இறுகும் நேரமும் ஒழுங்குக்கு வந்தன. கிளாஸ் அயனோமர் என்றும் ஜி.ஐ.சி. என்றும் பல் மருத்துவர்கள் சொல்லும் பொருள் அதுதான். சிலிகேட்டின் புளோரைடு கசிவும் இதற்குப் பிதுரார்ஜிதமாக வந்தது.

இந்தப் பொருளுக்குத் தண்ணீர் எதிரி அல்ல, உறுப்பு. அமிலம் தண்ணீரில்தான் பிரிந்து வேலை செய்யும். அது கண்ணாடியிலிருந்து கால்சியத்தையும் அலுமினியத்தையும் பிடுங்கி வலை பின்னும். அதே அமிலத்தின் கார்பாக்சில் கூறுகள் பல்லின் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். இதைக் குழைப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வழவழப்பான காகிதத் திண்டில் ஒரு கரண்டித் தூள், ஒரு சொட்டு திரவம். தூளை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியை பிளாஸ்டிக் கரண்டியால் மடித்து மடித்துச் சேர்ப்பார் உதவியாளர்ப் பெண். தேய்த்தால் கூடாது, மடிக்க வேண்டும். அரை நிமிடத்துக்குள் மீதியும் போய்விட வேண்டும். குழைந்த மாவு வெளிச்சத்தில் மினுங்கும். அந்த மினுக்கம் இருக்கும்போதே பல்லில் வைத்துவிட வேண்டும். மினுங்குவது பல்லைப் பிடிக்க இன்னும் சும்மா இருக்கும் அமிலக் கூறுகள் இருப்பதன் அடையாளம். மாவு மங்கிவிட்டால் பார்க்கச் சரியாக இருக்கும், வைக்கவும் வரும், ஆனால் ஒட்டாது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு குழைக்கிற மருத்துவர் நல்ல மருத்துவர். வைத்தபின் மேலே வாசலின் அல்லது வார்னிஷ் பூசுவார்கள், முதல் சில மணி நேரம் அது நீரை இழக்கவும் கூடாது, கூடுதலாக வாங்கவும் கூடாது என்பதற்காக.

ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்தால் கிளாஸ் அயனோமர் சில மெகாபாஸ்கலில் விட்டுவிடும். நல்ல ரெசின் ஒட்டு இருபதைத் தாண்டும். இந்த எண்ணை வைத்துத்தான் அது இரண்டாம் தரம் என்று நீண்ட காலம் சொல்லப்பட்டது. ஆனால் பிய்ந்த மாதிரியைப் நுண்ணோக்கியில் பார்த்தால் பல்லின்மேல் ஒரு மெல்லிய சிமென்ட் படலம் ஒட்டியபடியே இருக்கும். அறுந்தது ஒட்டு அல்ல, சிமென்ட்டின் நடுவயிறு. அந்தச் சோதனை அளந்தது பிடிப்பை அல்ல, பொருளின் சொந்த வலுவை.

பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் மார்லீன் பியூமன்ஸ் குழுவினர் 2005இல், அதற்கு முந்தைய ஆண்டுகளில் கழுத்துப் பள்ளங்களில் நடந்த மனிதச் சோதனைகளையெல்லாம் ஒன்றாகத் தொகுத்தார்கள். ஆண்டுக்கு எத்தனை சதவீதம் தோற்றது என்று கணக்குப் போட்டபோது, ஒரே குப்பி சுய-அமில ஒட்டு 8.1. அமிலத்தைத் தனியே வைத்துக் கழுவும் இரண்டு படி ஒட்டு 6.2. அதே வகையின் பழைய மூன்று படி ஒட்டு 4.8. இரண்டு படி சுய-அமில ஒட்டு 4.7. கிளாஸ் அயனோமர் 1.9. வசதியானது கடைசியிலும், ஈரத்தோடு சமாதானம் செய்துகொண்டது முதலிலும் நின்றன. பிறகு வந்த தொகுப்புகளில் 10-எம்டிபி கொண்ட மிதமான சுய-அமில ஒட்டுகள் நன்றாக முன்னேறியிருக்கின்றன. கிளாஸ் அயனோமர் பின்தங்கவில்லை.

இதை வைத்துக் கம்பாசிட்டைப் பழிப்பது நியாயம் அல்ல. கடைவாய்ப் பல்லின் இரண்டு பக்கமும் உடைந்த பெரிய குழிக்குக் கிளாஸ் அயனோமர் தாங்காது, முறியும், தேயும். முன்பல்லின் அழகுக்கும் அது ஈடாகாது. ஆனால் கம்பாசிட்டையும் அமால்கத்தையும் ஒப்பிட்ட சோதனை ஒன்றையும் மறக்கக் கூடாது. லிஸ்பனில் காசா பியா பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்து 2007இல் வெளியான முடிவில், ஏழு ஆண்டில் அமால்கம் 94.4 சதவீதமும் கம்பாசிட் 85.5 சதவீதமும் பிழைத்தன. கம்பாசிட்டின் ஓரத்தில் மறுசொத்தை வரும் ஆபத்து மூன்றரை மடங்கு. நெதர்லாந்தின் நைமேகனில் ஓப்டாம் என்ற ஆய்வாளர் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில் இதற்கு நேர்மாறாக, சொத்தை வரும் வாய்ப்புக் குறைந்தவர்களிடம் கம்பாசிட் முந்துவதைக் கண்டார். இரண்டும் முரண் அல்ல. ஓரம் கிழிவது இரண்டு ஊரிலும் நடக்கிறது. கிழிந்த இடத்தில் சர்க்கரையும் கிருமியும் காத்திருக்கிறதா என்பதுதான் வேறுபாடு. பேக்கரிகள் பெருகி, தேநீரில் மூன்று கரண்டி சீனி போடும் நம் ஊர் லிஸ்பனுக்குப் பக்கமா நைமேகனுக்குப் பக்கமா என்று வாசகரே சொல்லட்டும்.

இனி இந்த மண்ணின் பல்லைத் தனியே பார்க்க வேண்டும். முதலாவது வெற்றிலை. நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணிபுரிந்த ஐ.எம். ஓர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு மெல்பவர்களுக்கு வரும் வாய்ப் புற்றைப் பற்றி 1933இல் லான்செட் இதழில் எழுதினார். புற்றின் வரலாற்றில் அது பேர்பெற்ற கட்டுரை. வெற்றிலைப் பழக்கம் பல்லுக்குச் செய்வதைப் பற்றிப் பேச்சு குறைவு. பாக்கை மென்று மென்று தேய்ந்த டென்டின் மஞ்சள் பழுப்பாக, கண்ணாடிபோல் பளபளத்துக் கிடக்கும். நுண்குழல்கள் தாதுவால் அடைபட்டுவிடும். கூச்சம் இருக்காது, ஆனால் அமிலமும் இறங்காது. இப்படி இறுகிய டென்டினில் ரெசின் ஒட்டு குறைவாகவே பிடிக்கும் என்பது தெரிந்த செய்தி. மேற்பரப்பை பர் என்ற சுழலும் கருவி கொண்டு லேசாக உராய்ந்துவிட்டு ஒட்டுவது வழக்கம். அதை விட்டால் ஆறு மாதத்தில் அடைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

இரண்டாவது கிராம்பு. வேளிமலை, மாறாமலைப் பக்கத்துக் கிராம்புக்குப் புவிசார் குறியீடே உண்டு. பல்வலி என்றால் பஞ்சில் கிராம்பு எண்ணெய் வைப்பது இரண்டு மாநிலத்து வீடுகளிலும் வழக்கம். தற்காலிகமாக அடைக்க மருத்துவர் வைக்கும் துத்தநாக மாவிலும் அதன் சாரமான யூஜினால்தான். வலி அடங்கும். ஆனால் ரெசின் இறுகுவது சுதந்திரமாகத் திரியும் சில மூலக்கூறுத் துண்டுகளின் சங்கிலி வினையால். யூஜினால் அந்தத் துண்டுகளைப் பிடித்து அடக்கிவிடும். ஓரத்தில் ரெசின் அரைகுறையாக, பிசுபிசுப்பாக நின்றுபோகும். கிளாஸ் அயனோமர் இறுகுவது அமிலமும் காரமும் சேரும் வினையால், எனவே இந்தத் தடை அங்கே இதே வழியில் வேலை செய்யாது. நாலு நாளாகக் கிராம்பு எண்ணெய் வைத்திருந்தேன் என்பதை நோயாளி சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை. வாசனையாவது காட்டிக்கொடுத்தால் உண்டு.

மூன்றாவது ரப்பர். காட்டாக்கடை முதல் குலசேகரம் வரை மலைச்சரிவெல்லாம் ரப்பர்த் தோட்டம். பல் மருத்துவத்தில் ஈரத்தை முழுசாக விலக்கும் ஒரே வழி, 1864இல் நியூயார்க்கின் சான்ஃபோர்ட் பார்னம் கண்டுபிடித்த ரப்பர்ப் படலம். நடுவில் ஓட்டை போட்ட மெல்லிய ரப்பரை விரித்து அதன் வழியாகப் பல்லை மட்டும் வெளியே தலைநீட்ட வைப்பது. ரப்பர் விளையும் ஊர்க் கிளினிக்குகளில் அந்தப் படலத்தைக் காண்பது அபூர்வம். நோயாளிக்கு மூச்சு முட்டும், நேரம் பிடிக்கும் என்று காரணங்கள் உண்டு. அதற்கெனத் தனிக் கட்டணம் கேட்க முடியாது என்பதுதான் சொல்லப்படாத காரணம் என்று நினைக்கிறேன். ஈறோடு ஒட்டிய கழுத்துப் பள்ளத்தில் அதை மாட்டுவது இன்னும் கடினம். எனவே கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் பஞ்சு உருளை, ஈறுப் பிளவுக்குள் மெல்லிய நூல், எச்சில் உறிஞ்சும் குழாய், இவற்றை வைத்துக்கொண்டு சில நிமிடம் சமாளிக்கிறார்கள். அந்தச் சில நிமிடத்தில் ஒரு சொட்டு ரத்தமோ எச்சிலோ பட்டால் எட்டாம் தலைமுறைக் குப்பிக்கும் முதலாம் தலைமுறைக் குப்பிக்கும் வித்தியாசம் இல்லை.

“மக்களே, இது எத்தன வருசம் கிடக்கும்?” என்று கேட்கும் பாட்டிக்கு, “பாத்து தேச்சா கிடக்கும் பாட்டி, குறுக்கப் போட்டு இழுக்காதீங்க” என்று சொல்லும் டாக்டர் பெண் மேலே சொன்ன அத்தனையையும் ஒரு வரியில் அடக்கிவிடுகிறார். பாதி பொறுப்பு பாட்டியிடம் போய்விடுகிறது. அதில் தவறும் இல்லை.

கிளினிக்கே இல்லாத இடங்களும் இந்தப் பக்கத்தில் உண்டு. 2014இல் உருவான காட்டாக்கடைத் தாலுக்காவில் அம்பூரி, குற்றிச்சல் போன்ற மலையோரப் பஞ்சாயத்துகள் சேர்கின்றன. நெய்யாறு அணைக்கு மேலே அகத்தியர் மலைக் காட்டில் காணிக்காரர் குடியிருப்புகள். இப்படிப்பட்ட இடங்களுக்காகவே 1980களின் நடுவில் டான்சானியாவில் ஜோ ஃப்ரென்கன் ஒரு முறையைத் தொடங்கினார். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை; கைக் கருவியால் மென்மையான சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, கிளாஸ் அயனோமரை விரலால் அழுத்தி அடைப்பது. 1994ஆம் ஆண்டு உலக சுகாதார தினத்தின் பொருள் வாய் நலம். அப்போது உலக சுகாதார நிறுவனம் இதை முன்னிறுத்தியது. ஒரு பக்கக் குழிகளில் இந்த அடைப்பு நன்றாகவே நிற்கிறது. அதைச் சாத்தியமாக்கியது ஃப்ரென்கனின் துணிச்சல் பாதி, வில்சனின் மாவு மீதி. ரெசின் ஒட்டை எடுத்துக்கொண்டு மேசையும் மின்சாரமும் இல்லாத முகாமுக்குப் போவது எளிதல்ல.

எந்தப் பொருளை வைப்பது என்ற கேள்வி இப்போது அவசரமாகிவிட்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தத்தை இந்தியா 2018இல் ஏற்றது. 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அமால்கம் வைப்பதைத் தவிர்க்க 2022இல் நாடுகள் உடன்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியோடு அதை நிறுத்திவிட்டது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடியவர்கள் 2034க்குள் அமால்கத்தை உலகெங்கும் விலக்க முடிவு செய்தார்கள். ஈரத்தைச் சட்டை செய்யாத, மலிவான, அவசரக் கையையும் மன்னிக்கும் ஒரு பொருள் போகிறது. அதன் இடத்தில் கம்பாசிட்டை மட்டும் வைத்துவிட்டு அரசு மருத்துவமனையின் புறநோயாளி வரிசையை முன்போலவே ஓட்ட முடியும் என்று நினைப்பது கணக்குத் தவறு. நோயாளி ஒருவருக்கு மருத்துவர் தரக்கூடிய நேரத்தை வைத்தே பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நேரம் குறைவென்றால் கிளாஸ் அயனோமர், குறிப்பாக அதன் கெட்டியான வகை, முதல் தேர்வாக வேண்டும், கம்பாசிட் இரண்டாவது. இன்று விளம்பரத்திலும் கட்டணப் பட்டியலிலும் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

நம் ஊர்க் கழுத்துப் பள்ளத்துக்கு எது ஏற்றது என்பதை லூவென் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. பூஜப்புரையில் பொருள் ஆய்வகம், திருவனந்தபுரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி, எல்லைக்கு அப்பால் குலசேகரத்தில் மூகாம்பிகை பல் மருத்துவக் கல்லூரி, நடுவில் உமிக்கரியும் வெற்றிலையும் தேய்த்த பல்லோடு ஆயிரக்கணக்கானோர். ஒரே வாயில் இரண்டு மூன்று பள்ளங்கள் இருப்பது சாதாரணம்; ஒன்றில் கிளாஸ் அயனோமர், பக்கத்துப் பல்லில் 10-எம்டிபி ஒட்டும் கம்பாசிட்டும் வைத்தால் அதே எச்சில், அதே பிரஷ், அதே பாக்கு இரண்டையும் சோதிக்கும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஆறு மாதத்தில் ஒரு தடவை, 18 மாதத்தில் ஒரு தடவை அதே ஆட்களைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லி எது இருக்கிறது, எது போயிற்று என்று எழுதிவைக்க வேண்டும். மார்த்தாண்டத்துக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டவரையும் தேடிப்பிடித்து வரவைக்க யாராவது போன் செய்துகொண்டே இருக்க வேண்டும்.